மதிப்பீட்டு ஆண்டு

வருக, மாதையன் இளமதி என்கிறது திரை. அப்பா முன்னால், நான் பின்னால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன நாள் மாதிரி. பான் அட்டைக்கு எழுதிக் கொடுத்தபோது இனிஷியலை விரித்துத்தான் போட வேண்டும் என்றார் அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர். எந்தப் பக்கம் விரிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இனிஷியல் முன்னாடிதானே வரும் என்று அப்பா சொல்ல, முதல் பெயர் என்ற கட்டத்தில் அவரே போய் உட்கார்ந்துகொண்டார். அதனால் வருமான வரித்துறைக்கு நான் மாதையன். கம்பெனி அடையாள அட்டையிலும் அப்படியே. புதிதாக வந்த புனே மேனேஜர் முதல் வாரம் முழுக்க என்னை மிஸ் மாதையன் என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், வால்வுகளை அளந்து பார்க்கும் லேபில் இருப்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், கையில் இருக்கும் அளவுக் கேஜைக் கீழே வைக்க வேண்டும். அதைவிட மாதையனாக இருந்துவிடுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓசூரில் ஆடிக் காற்று, மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல். கொடியில் போட்ட சுடிதார் காலையிலிருந்து அதே ஈரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. வருமான வரிக் கணக்கு காட்ட இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. சூட்கேஸ் மேல் லேப்டாப்பை வைத்து, சுவரில் சாய்ந்து, கால் மரத்துப்போக உட்கார்ந்திருக்கிறேன். கால் மரத்தது தெரிந்தும் நீட்டத் தோன்றவில்லை. நீட்டினால் ஊசி குத்தும். அந்த ஊசிக்குக்கூட இன்று தெம்பில்லை.

சம்பளம் என்ற கட்டத்தில் எண் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நான் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கில் வந்த வட்டிகூட, ஒரு ஜோடி செருப்பு வாங்கக் காணாத அந்த வட்டிகூட, பிற வருமானம் என்ற தலைப்பின் கீழ் தயாராக நிற்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு பிறகு ஏன் என்னைக் கேட்கிறார்கள்? நான் ஒத்துக்கொள்கிறேனா என்று பார்ப்பதற்காம், ஜெஸிந்தா சொன்னாள். ஜெஸிந்தா என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருப்பவள், தூத்துக்குடிக்காரி, கம்பெனியில் அக்கவுண்ட்ஸ், எதற்கும் பயப்படாதவள். ஒத்துக்கொள்கிறேன். அடுத்தது கழிவு. இந்தச் சொல்லில் ஒவ்வொரு முறையும் என் கண் தடுக்கி நிற்கிறது. எங்கள் லேபில் கழிவு என்றால் அளவு தப்பிப் பிறந்த வால்வுகள், சிவப்புப் பெட்டியில் போடுவோம், மாலையில் ஒருவர் வந்து தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போவார். இங்கே கழிவு என்பது நல்லது. கழிவு அதிகமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். நிலையான கழிவு என்று ஒன்று இருக்கிறது, யார் என்று பார்க்காமல் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் கழித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் ஏதோ ஒரு இரக்கம் இருப்பதுபோல் பட்டது. பிறகு, இதற்கெல்லாம் இரக்கம் என்று பெயர் வைக்கிற அளவுக்கா களைத்துப்போயிருக்கிறேன் என்றும் பட்டது. நேற்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். கண்ணுக்குள் இன்னும் வெர்னியரின் கோடுகள்.

நான் இதைச் செய்வது இதுதான் முதல் தடவை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்பாதான் செய்தார். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்களை விட்டு ஓய்வு பெறத் தெரியாதவர். கம்பெனியில் சம்பளமும் பிடித்த வரியும் போட்ட ஃபார்ம் பதினாறு கொடுத்ததும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். அவர் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையை ஈரத்துணியால் துடைத்து, காயும்வரை காத்திருந்து, தாளை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். பிறகு போன் வரும். மொத்த வருமானம், என்பார், கோயில் மைக்கில் நன்கொடை வாசிப்பதுபோல. நான் ம் என்பேன். கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. பேருந்தில் இருப்பேன், அல்லது பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு நான் கேட்கிறேனா என்பது முக்கியமில்லை, வாசிப்பதுதான் முக்கியம். என் சம்பளத்தில் எனக்கு இல்லாத ஒரு பெருமை அவருக்கு இருந்தது. ஒரு தடவை வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று வந்தபோது அவர் குரல் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். தன் பெண் வரி கட்டுகிறாள் என்று யாரிடமோ சொல்லி வைத்திருப்பார்.

மதிப்பீட்டு ஆண்டு என்று மேலே போட்டிருக்கிறது. அதற்கு நேர்கீழே நிதியாண்டு. இரண்டும் ஒன்றில்லை என்று ஜெஸிந்தா இரண்டு தடவை விளக்கினாள். சம்பாதித்தது போன வருஷம், அதை எடுத்து வைத்து அலசுவது இந்த வருஷம். ஒரு வருஷத்தை அந்த வருஷத்திலேயே எடை போட முடியாதாம். முடிந்த பிறகு, சூடு ஆறிய பிறகு, அடுத்த வருஷத்தில் உட்கார்ந்துதான் போட வேண்டுமாம். ஆனால் போன கார்த்திகை இன்னும் எனக்கு ஆறவில்லை. சேலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு காரில். முன்னறையில் அத்தனை நாற்காலி இல்லாமல் பக்கத்து வீட்டிலிருந்து நீல நாற்காலிகள் வந்தன. நான் தட்டோடு நின்றேன். யாருக்கு முதலில் நீட்டுவது என்ற குழப்பத்தில் என் பெருவிரல் கேசரியில் பட்டுவிட்டது, அதை யாரும் பார்த்தார்களா என்பதே என் கவலையாக இருந்தது. அப்போது மாப்பிள்ளையின் அக்கா கணவர், சந்தனக் கலர் சட்டை, மடியில் போனை வைத்துக்கொண்டு இரண்டு விரலால் எதையோ பெரிதாக்கினார். பி.எஃப். போக, அது போக, இது போக என்று உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து அல்ல, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "கைக்கு வர்றது நாம நெனச்ச அளவு இல்லீங்க மாமா" என்றார். "இன்க்ரிமென்ட் வரும்ல" என்றார் மாமா. நான் நின்ற இடத்திலிருந்து அந்தத் திரை தெரிந்தது. எங்கள் கம்பெனி முத்திரை. ஒரு வரியின் கீழே ஸ்கேலின் நிழல். எங்கள் சாப்பாட்டு மேஜையின் பூப்போட்ட விரிப்பு.

அவர்கள் போன பிறகு வேண்டாம் என்று சொன்னேன். அதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதால் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, கேசரியைச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அப்பா, நான் வார்த்தை கொடுத்துவிட்டேன் என்றார். சம்பளத் தாளைக் கேட்டார்கள், படம் எடுத்துக் கொடுத்தேன், மறைக்க அதில் என்ன இருக்கிறது, உழைத்த காசு என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. நான் கேட்டேன், "பேங்க்ல இருந்தப்ப யாரோட பாஸ்புக்கையாவது இன்னொருத்தருக்குக் காட்டியிருக்கீங்களாப்பா?" அவ்வளவுதான். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, கண்ணாடியை மட்டும் கழற்றினார். கணவன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மனைவி வந்து அழுதபோதுகூடச் சொல்லாதவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு, அதை அவரே சொல்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு மனிதர் தன்னிடம் இருப்பதிலேயே நல்லது என்று நம்பி வைத்திருப்பதைப் பார்த்து அடிப்பது எனக்கு எப்படித் தெரிந்தது? யோசித்து அடிக்கவில்லை. ஆனால் சரியாகப் பட்டது. சேலத்துச் சம்பந்தம் அதோடு நின்றது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. தப்பில்லாததைச் சொல்லிவிட்டு இவ்வளவு அசதியாக இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பேசவில்லை என்றால் பேச்சே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் அம்மா வழியாகப் போய் வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நான் டி.வி. பக்கத்தில் நிற்கிறேன், அவர் நாற்காலியில், அம்மா பின்கட்டில். "காவேரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா கெளம்பச் சொல்லு" என்கிறார், கையை நீட்டினால் என்னைத் தொடலாம். நான் பின்கட்டைப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்கும்மா" என்கிறேன். அம்மாவுக்கு ரெண்டுமே கேட்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்றாரு?" "ஒன்னும் இல்லம்மா." "அவரு ஏதோ சொன்னாரே." "பஸ்ஸாம்." "அவகிட்ட கேளு, காத்து அடிக்குது, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டாளான்னு." இது மறுபடி அப்பா. "எடுத்துக்கிட்டேம்மா." "எடுத்துக்கிட்டாளாமுங்க." இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது நினைத்துச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட் பெண்மணி நகர்ந்து உட்கார்ந்தார். காரிமங்கலம் தாண்டியதும் சிரிப்பு எங்கோ போய்விட்டது. இப்படியே பழகிவிடும் என்பதுதான் பயம். கோபம் தீர்ந்த பிறகும் இது நிற்காது. கோபத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, பழக்கத்துக்கு இல்லை. ஒருநாள் அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லு என்று சொல்லிக்கொண்டிருப்போமோ? ஆடுகிற சுடிதாரைப் பார்க்கிறேன். காய்கிற மாதிரி இல்லை. திரையில் ஒரு பெட்டி எழும்புகிறது, வெகு நேரமாக நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, தொடர விருப்பமா என்று. தொடர விருப்பம் என்று அழுத்துகிறேன். விருப்பம் எல்லாம் இல்லை.

எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பிடித்த வரி கொஞ்சம் அதிகம், அதனால் திரும்ப வர வேண்டியது கொஞ்சம். அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் நிற்கிறேன், அரைமணி நேரமாக. இது நீங்கள்தான் என்று உறுதி செய்க. ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பப்படும். பாதி எண்ணை நட்சத்திரம் போட்டு மறைத்துவிட்டுக் கடைசி மூன்றை மட்டும் காட்டுகிறார்கள், அந்த மூன்று போதும். அப்பா நம்பர். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டார்கள். கண்ணை விரித்து வைத்துப் படம் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லி, கடைசியாக போன் நம்பர் கேட்டார்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும் சொந்த நம்பர் கிடையாது, எல்லாப் பெண்களும் அவரவர் அப்பா நம்பரைச் சொன்னோம், மனப்பாடச் செய்யுள் மாதிரி. மலர்க்கொடிக்கு அப்பா இல்லை, தாய்மாமன் நம்பரைச் சொன்னாள். இப்போது எங்கெங்கோ, திருப்பூரிலும் சென்னையிலும், அந்த வகுப்புப் பெண்கள் எத்தனை பேர் இந்தப் பக்கத்தில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்? அவர்களுக்கு என்ன, போடுவார்கள், வாங்குவார்கள், வைப்பார்கள். ரேகை என்னுடையது, கண் என்னுடையது, நான்தான் நான் என்று சொல்கிற எண் மட்டும் அரூரில் ஒரு சட்டைப்பையில் இருக்கிறது.

ஜெஸிந்தா தலைக்கு ஊற்றிவிட்டு டவலோடு வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன பிள்ள, இன்னும் அதே பக்கத்துலயா நிக்க? நான் குளிச்சு முடிச்சு ஒரு பாக்கெட் முறுக்கும் தின்னாச்சு." ஓடிபி அப்பாவுக்குப் போகும் என்றேன். "போட்டும். கேட்டு வாங்கு." அவளை நிமிர்ந்து பார்த்தேன். கார்த்திகைக் கதை அவளுக்குத் தெரியும். "சரி, பேங்க் கணக்கு வழியா பண்ணு." சம்பளக் கணக்கில் பெயர் இளமதி எம் என்று இருக்கிறது, பான் அட்டையில் மாதையன் முன்னால் இருக்கிறார், ரெண்டும் ஒரே ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. திரும்ப வரும் பணத்துக்கு அப்பா காட்டி வைத்திருக்கும் என் அரூர் கணக்கில் பெயர் சரியாக இருக்கிறது, அதன் போன் நம்பரும் அவருடையது. "உங்க அய்யா எல்லா வாசல்லயும் நாற்காலி போட்டுல்லா உக்காந்திருக்காரு" என்று ஜெஸிந்தா சிரித்தாள். பிறகு முடியைத் துவட்டிக்கொண்டே, "அப்ப ஒன்னு செய்யி. பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்கு போஸ்ட்ல அனுப்பிரு. இந்தா இருக்கு பெங்களூரு, தடுக்கி விழுந்தா எலெக்ட்ரானிக் சிட்டி. ஒரு மனுசர்ட்டயும் பேச வேண்டாம். உனக்குன்னே கண்டுபிடிச்ச வழி." அவள் கிண்டலாகச் சொன்னாள். ஆனால் வழி உண்மைதான். நாளைக்குக் கம்பெனி வாசலில் பிரிண்ட், மத்தியான இடைவேளையில் தபால் ஆபீஸ், முடிந்தது. அவள் சீப்பைத் தேடிக்கொண்டு மொட்டைமாடிப் பக்கம் போய்விட்டாள். வேறு வழியே இல்லை என்றால் கூப்பிட்டிருப்பேன். வழி இருக்கிறது என்று தெரிந்ததும்தான் கஷ்டமாகிவிட்டது. இனி கூப்பிட்டால் அது ஓடிபிக்காக இல்லை.

என்ன சொல்வது? அப்பா, ஒரு நம்பர் வரும். அப்பா, நல்லா இருக்கீங்களா, ஒரு நம்பர் வரும். அப்பா என்ற சொல்லை எட்டு மாதமாக யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தொண்டை அதை எப்படி எடுக்கும் என்று தெரியவில்லை. ஒருவேளை எடுக்கவே மாட்டார். எடுத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினால்? அது இன்னும் மோசம். எடுத்ததும் என் குரல் உடைந்துபோனால், அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வார். ஆனால் இவையெல்லாம் மேலே மிதக்கிற பயம், அடியில் இருப்பது வேறு. அவர் கேட்பார். எவ்வளவு என்று கேட்பார். எதையும் அப்படித்தான் கேட்பார். யாராவது வீடு கட்டினால் எவ்வளவு, பிள்ளை பாஸானால் எவ்வளவு, செத்த வீட்டுக்குப் போய் வந்தாலும் கூட்டம் எவ்வளவு. கேட்டால் நான் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, அதிலும் அவர் கேட்டால். சொன்ன நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஸ்கேல் வந்துவிடும், பூப்போட்ட விரிப்பு வந்துவிடும், என் தாள் மறுபடி அவர் தாள் ஆகிவிடும். பிறகு சேலமோ ஈரோடோ, இன்னொரு சந்தனக் கலர் சட்டை. அப்படி என்றால் இந்த எட்டு மாதம் எதற்கு? கூப்பிடாவிட்டால் அவரை இழக்கிறேன், கூப்பிட்டால் என் தாளை. ரெண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கக்கூடாதா என்று யோசித்து யோசித்து, தலை அதே இடத்துக்கு வந்து வந்து முட்டுகிறது. ஜன்னல் கண்ணாடியில் முட்டுகிற ஈ மாதிரி என்று எழுதுவார்கள். ஈக்காவது வெளிச்சம் தெரிகிறது. லாரி ஒன்று நெடுஞ்சாலையில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் குடிக்கலாம். எழுந்தால் கால் குத்தும். நாளைக்கு தபால் ஆபீஸ் போகலாம். அதுதான் சரி. தூங்கலாம்.

தூங்கலாம் என்று நினைத்தபோதுதான் விரல் அழுத்திவிட்டது. முடிவு எடுத்து அழுத்தியதுபோல் இல்லை. கதவைப் பூட்டினோமா என்று யோசிக்கும்போது கை ஏற்கெனவே பூட்டியிருக்குமே, அப்படி. ஓடிபி அனுப்பப்பட்டது என்று வந்துவிட்டது. கீழே ஆறு வெற்றுக் கட்டம், ஓரத்தில் குறைந்துகொண்டே போகிற நேரம். அரூரில் இப்போது அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார், முன்னறையில், ஃபேனுக்கு நேர்கீழே, போன் நெஞ்சுமேல். அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எதுவும் தெரியாமல் மெசேஜைப் படித்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு சொல்லாக, விரலை ஸ்கேல் மாதிரி வைத்து. நான் கூப்பிட வேண்டும். போனை எடுத்தேன். அவர் பெயரில் விரல் வைத்தேன். விரலை எடுத்துவிட்டேன். நேரம் குறைகிறது. குறையட்டும், தீர்ந்துபோனால் தபால் ஆபீஸ் என்று நினைத்தேன். போன் கையிலேயே அதிர்ந்தது. அம்மா.

"கண்ணு, அப்பா போனுக்கு ஏதோ மெசேஜ் வந்திருக்குது. ஆதார் நம்பர் போட்டிருக்காம். கடைசி நாலு நம்பரைப் பாத்ததும் இது உன்னுதுங்கறாரு. எவனோ உன்ன ஏமாத்தப் பாக்கறானாம், எதையும் தொடாதேன்னு சொல்லச் சொல்றாரு."

"இல்லம்மா, நான்தான். வரி ஃபாரம் போடறேன். அந்த ஆறு நம்பரைச் சொல்லச் சொல்லும்மா, சீக்கிரம்."

"ஏங்க, அவதானாம். வரி ஃபாரமாம். அதுல இருக்கற நம்பரைச் சொல்லுவீங்களாம்."

தள்ளி எங்கோ அப்பா குரல். "ஓடிபியை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்குது."

"யாருகிட்டயுமா? உங்க பொண்ணு கேக்கறாங்க."

"பொண்ணுன்னு நீ சொல்ற. போன்ல யாரு வேணா பேசலாம்."

"நான் பெத்த குரல் எனக்குத் தெரியாதா?"

"கேக்கறவங்க நேரா கேக்கணும். மூணாவது ஆள் மூலமா சொல்றதுக்கு ரூல் கிடையாது."

"மூணாவது ஆளா? இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டவ மூணாவது ஆளா? நல்லா இருக்குதுங்க. இந்தாங்க, நீங்களாச்சு உங்க ரூலாச்சு. எனக்கு அடுப்புல பால் பொங்குது."

துணி உரசும் சத்தம். போன் கை மாறுகிற சத்தம். பிறகு ஒரு மூச்சு, எனக்குத் தெரிந்த மூச்சு, மூக்கில் லேசாக அடைப்போடு.

"யாரு பேசறது?"

"நான்தாம்பா."

வந்துவிட்டது. தொண்டை அதை எங்கே வைத்திருந்தது என்று தெரியவில்லை, வெளியே வந்துவிட்டது.

"நான்தான்னா? பேரு."

"இளமதி."

"பொறந்த தேதி?"

சொன்னேன்.

"அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியார் போட்டது. எல்லாக் காகிதத்துலயும் இருக்கும், எவன் வேணா படிச்சுச் சொல்லலாம். நெசத் தேதி?"

திரையில் நேரம் குறைந்துகொண்டே போகிறது. எனக்குச் சிரிப்பும் இன்னொன்றும் சேர்ந்து வந்தது, எது முதலில் வரும் என்று தெரியாததால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். "ஐப்பசி" என்றேன். "தீபாவளிக்கு மறுநாள். கரண்ட் இல்ல. பெட்ரோமாக்ஸ் வாங்க நீங்க கடைவீதிக்குப் போயிருந்தீங்க, வர்றதுக்குள்ள பொறந்துட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம்.

"எழுதிக்கோ" என்றார். "ஏழு."

"ஏழு."

"சைபர்."

"சைபர்."

"மூணு. மறுபடி மூணு."

"ரெண்டு மூணா?"

"ரெண்டு மூணு. ஒன்னு. எட்டு."

நோட்டுக் கட்டை எண்ணி வாடிக்கையாளர் முன்னால் வைக்கிற மாதிரி சொன்னார், ஒவ்வொன்றும் மேஜையில் படுகிற வரை அடுத்ததை எடுக்காமல். அழுத்தினேன். வட்டம் சுற்றியது.

"ஆச்சா?"

"சுத்துதுப்பா."

"சுத்தும். கடைசி வாரம். எல்லாரும் இன்னைக்குத்தான் உக்காந்திருப்பாங்க."

"ஆயிடுச்சு."

"பச்சையா வந்துச்சா?"

"பச்சைதாம்பா."

"எவ்வளவு" என்றார்.

கேட்டுவிட்டார். தொகை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ரூபாயும் பத்தாக முழுமைப்படுத்திய கடைசி இலக்கமும், அவருக்குப் பிடித்த மாதிரி. வாயைத் திறந்துகூட விட்டேன். உடம்பு முழுக்க அந்தப் பழைய களைப்பு, மேலிருந்து கீழே, ஈரத் துணி மாதிரி இறங்கியது.

"இல்ல" என்றார் அப்பா. "வேண்டாம். சொல்லாத." மூச்சு விட்டார். "அது உன் கணக்கு. என்கிட்டயும் சொல்லாத."

நான் வாயை மூடிக்கொண்டேன். சரிப்பா என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவரும் வேறெதுவும் சொல்லவில்லை. அங்கே ஃபேன் சுற்றுகிற சத்தம், அதில் ஒரு இறக்கை எங்கோ தட்டுகிறது. அடுப்படியில் கரண்டி. தெருவில் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். இங்கே தூறல் நின்றிருந்தது, அல்லது நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். காலை மெதுவாக நீட்டினேன். ஊசி ஊசியாகக் குத்தியது, குத்தட்டும் என்று விட்டேன். திரை நன்றி சொல்லிவிட்டு, இனி வெளியேறலாம் என்றது. அவர் மூக்கில் அந்த லேசான அடைப்பு, இழுத்து, விட்டு. நான் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன். வைத்துவிட்டாரோ என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்று அம்மா உள்ளிருந்து கத்துவது கேட்டது. "ஒரு சத்தத்தையும் காணோம். வெச்சுட்டாளா? போனைக் கொண்டாங்க இப்படி."

"இரு காவேரி" என்றார் அப்பா. "பேசிட்டிருக்கோம்ல."